நாத்திகம்
நீலகிரி மஞ்சூரில், கோயில் திருவிழாவுக்கு வராத இளைஞன் ஒருவனைப் பெரியவர் ஒருவர் ‘நாத்திகப் பயல்’ என்று ஏசக் கேட்டேன். ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்னும் வடமொழி வேரில் பிறந்த இச்சொல், ஆதியில் வேதப் பிரமாணத்தை ஏற்காத சமண, பௌத்த, உலகாயத மதங்களையே பெரிதும் சுட்டியதாலன்றோ, சிருஷ்டிகர்த்தாவை வேண்டாத சாங்கியமும் மீமாம்சையும் ஆஸ்திக தரிசனங்களாகவே எண்ணப்பட்டன! பெரியார் காலத்துத் தமிழில் கடவுள் மறுப்பு என்றே அது பொருள்பட்டபோதும், தெய்வபயம் நீங்கினால் தர்மமும் நீங்கும் என்ற பழைய அச்சம் அதில் ஒட்டியே நிற்கிறது; இலையின் ஈரத்துக்கான கழிவென்று எடையில் கூடுதலாகப் பிடிக்காமல் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடைபோடும் அவ்விளைஞனின் நேர்மையோ அவ்வச்சத்தைப் பொய்யாக்குகிறது. கொள்கையைக் குறிக்க வசை கலவாத ‘இறைமறுப்பு’ என்பதே தகும். ஒழுக்கத்தை அளக்க இரண்டு சொல்லுமே உதவா.