பிரதியும் மறுமொழியும்: வன்னிப் பெருநிலப்பரப்பின் வீட்டு ஒலிப்பதிவு பற்றி ஒரு வரலாற்று நோக்கு

இசை வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசவை, ஆலயம், சபா, இசைத்தட்டுக் கம்பனி, வானொலி நிலையம், திரைப்படக் கலையகம் என்பன தத்தம் ஆவணங்களை விட்டுச் சென்றமையால், அவற்றின் வழியே வளர்ந்த இசை ஆய்வாளர் கண்ணிற் பட்டது. வீட்டு முற்றத்தில் உருவாகி, கைமாறி, கேட்டோர் சொன்ன குறைநிறைகளால் திருந்தி, மீண்டும் கைமாறிய இசைக்கு அத்தகைய ஆவணம் அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பு இவ்விரண்டாம் வகை இசையின் வரலாற்றை ஆராய்வதற்குத் தக்க களமாகும். நாட்டின் இசை நிறுவனங்கள் கொழும்பிலும், ஓரளவுக்கு யாழ்ப்பாணத்திலும் நிலைகொண்டிருந்தன. வன்னி மக்களோ தம் இசையைத் தாமே ஆக்கித் தாமே பேணவேண்டிய நிலையில் நெடுங்காலம் இருந்தனர். அவர்களிடையே ஒரு பாடல் உயிர்வாழ்வதற்கு இரண்டு காரணிகள் இன்றியமையாதனவாய் இருந்தன. ஒன்று, பிரதி செய்தல். மற்றையது, கேட்டோர் கூறும் மறுமொழி. இவ்விரண்டும் காலந்தோறும் எவ்வாறு இயங்கின என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முன்னரே இவ்வியக்கம் தொடங்கிவிட்டது. குளங்களும் வயல்களும் காடுகளுமாய் அமைந்த வன்னியில் அருவி வெட்டு, சூடடிப்பு, காவற் பரண் ஆகியவற்றையொட்டிப் பாடல்கள் வழங்கின. குமுளமுனைப் பகுதியோடு தொடர்புடைய, யானை பிடித்த அரியாத்தையின் கதை ஒப்பாரி வடிவில் வாய்மொழியாக நிலைத்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலையொட்டிக் கண்ணகி கதை ஆண்டுதோறும் ஓதப்பட்டது. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்ட கோவலன் கூத்தும் இம்மரபோடு இணைந்ததே. கூத்தின் பாடல்கள் அண்ணாவியாரின் ஏட்டில் இருந்தன. பின்னர் அவை கொப்பிகளில் எழுதப்பட்டன. ஓர் ஊரின் கொப்பியை மற்றோர் ஊரார் இரவல் பெற்றுப் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதியவர் தம் ஊர் வழக்குக்கேற்பச் சில அடிகளை மாற்றினார்; சிலவற்றைச் சேர்த்தார். எனவே பிரதி என்பது நகல் மாத்திரமன்று, ஒருவகைத் திருத்தமுமாகும்.

மறுமொழிக்கும் இம்மரபில் ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. கூத்துப் பழகும் களரிக்கு ஊரார் வருவர். தாளம் பிசகியதையும் உச்சரிப்புத் தவறியதையும் முதியோர் அவ்விடத்திலேயே சுட்டிக்காட்டுவர். மட்டக்களப்பு மரபில் அரங்கேற்றத்துக்கு முன் நிகழும் ‘அடுக்குப் பார்த்தல்’ இவ்வழக்கத்தின் ஒழுங்கமைந்த வடிவமாகும். கலைஞனும் கேட்போனும் ஒரே ஊரவர், ஒரே தொழிலினர், பலவேளை உறவினர். நாளைக்குக் கேட்போனே ஆடவும் கூடும். ஆகவே விமர்சனம் தீர்ப்பாக அமையாமல், ஆக்கத்தின் ஒரு கட்டமாகவே அமைந்தது.

ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் வரலாற்றை இப்பின்னணியில் நோக்குவது பயனுடையது. 1877இல் எடிசன் உருவாக்கிய கருவி ஒலியைப் பதியவும் மீளக் கேட்கவும் வல்லதாயிருந்தது. அதன் பயன்களை அவர் 1878இல் வரிசைப்படுத்தியபோது கடிதம் எழுதுதலை முன்னிறுத்தியதோடு, குடும்பத்தாரின் குரலைச் சேமித்து வைத்தலையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். 1887இல் பேர்லினர் அறிமுகப்படுத்திய தட்டு முறை பெருந்தொகையிற் பிரதி செய்வதற்கு வாய்ப்பளித்தது. ஆயின் அதனை வாங்கியவர் கேட்கலாமேயன்றிப் பதிய இயலாது. இவ்வாறு பதிவோர் வேறு, கேட்போர் வேறு என்னும் பிரிவு உருவாயிற்று. கொழும்பில் 1925 டிசெம்பரில் தொடங்கிய வானொலியும் இப்பிரிவை உறுதிப்படுத்தியது. வானொலி வன்னியின் வீடுகளுக்குப் பாடலைக் கொண்டுவந்தது. வன்னியின் பாடலை வெளியே எடுத்துச் சென்றமை சிறிதே. 1935இல் ஜேர்மனியில் காட்சிக்கு வைக்கப்பட்ட காந்த நாடாக் கருவியும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பேர்லினில் வெளியிட்ட கசற்றும் அப்பிரிவை மீளவும் நீக்க வழிசெய்தன. கேட்கும் பெட்டியே பதியும் பெட்டியாகவும் ஆயிற்று.

இந்தப் பெட்டி வன்னிக்கு வந்த காலமும் கருதத்தக்கது. 1960களிலும் 1970களிலும் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்தன. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் என்பவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இப்பகுதி விவசாயிகளின் கையிற் பணம் புழங்கியது. 1977இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டமையால் அவ்விவசாயம் நலிவுற்றது. அதே கொள்கை மாற்றமே வானொலியும் கசற்றும் ஒருங்கிணைந்த பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தமை ஒரு முரண்நகையாகும். மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோரும் அவற்றைக் கொண்டுவந்தனர். மேலும், 1977 வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். யாழ்ப்பாணத்து விவசாயி, வன்னியின் பழங்குடியினன், மலையகத் தொழிலாளி ஆகிய மூவரின் பாடல் மரபுகளும் ஒரே குளத்தின் கீழ் வந்து சேர்ந்தன.

இக்காலத்திலே நகரங்களில் ‘ரெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகள் தோன்றின. பாடற் பட்டியலைக் கொடுத்தால் வெற்று நாடாவில் அவற்றைப் பதிந்து தருவர். அவற்றின் பெரும்பங்கு தென்னிந்தியத் திரையிசையே. ஈழத்துப் பொப் பாடல்களும் உடன் வழங்கின. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் பேச்சுவழக்கையும் கிற்றாரையும் இணைத்தமையால், பாட விரும்பிய இளைஞருக்கு அவை எட்டாத உயரமாகத் தோன்றவில்லை. வீட்டிலே பதிவு செய்யும் வழக்கமும் இதனோடு பரவிற்று. திருமணம், பூப்புநீராட்டு, கோயிற் கச்சேரி, பிள்ளைகளின் தேவாரம், பேத்தியின் முதற்பாட்டு என்பன நாடாவில் ஏறின. 1983இன் பின் புலம்பெயர்வு பெருகியபோது கசற் கடிதமும் ஆயிற்று. அந்நாடாக்களில் நலம் விசாரிப்புக்கும் ஊர்ப்புதினத்துக்கும் நடுவே பாட்டும் இருந்தது. எடிசன் 1878இல் எண்ணிய பயன் ஒரு நூற்றாண்டின் பின் இலங்கைத் தமிழரிடையே நடைமுறையாயிற்று எனலாம்.

உலகின் பிற பகுதிகளிலும் இதே காலத்தில் ஒப்புநோக்கத்தக்க ஓர் இயக்கம் நிகழ்ந்தது. 1979இல் ரியாக் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டாஸ்டூடியோ’ ஒரே கசற்றில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய வாய்ப்பளித்தது. ஒருவரே வீட்டிலிருந்து பல கருவிகளை அடுக்கடுக்காக இசைக்க முடிந்தது. அக்கருவியில்லாதோர் இரண்டு கசற் பெட்டிகளைக் கொண்டு அதனைச் செய்தனர். ஒன்றிற் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து பாடி, மற்றையதில் இரண்டையும் பதிதல் அம்முறை. அமெரிக்காவின் ஒலிம்பியா நகரிலிருந்து 1979 முதல் 1984 வரை ஆங்கில அகரவரிசையின் ஓர் எழுத்துக்கு ஓர் இதழாக 26 இதழ்கள் வெளிவந்த ‘ஓப்’ என்னும் சஞ்சிகை, இத்தகைய வீட்டு நாடாக்களையும் மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது. இசைஞர் தபாலில் நாடாக்களைப் பரிமாறிக்கொண்டு ஒருவர் ஆக்கத்துக்கு மற்றவர் மறுமொழி எழுதினர். கம்பனியின் அங்கீகாரத்தை எதிர்பாராத ஒரு விமர்சனச் சமூகம் அங்கு உருவாயிற்று. வன்னியிலே அத்தகைய சஞ்சிகை இல்லாவிடினும், கடிதமும் களரியும் அதன் வேலையில் ஒரு பகுதியைச் செய்தன.

1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின் நிலைமை மாறியது. வடபுலத்தின் மீதும் வன்னி மீதும் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியிருந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருள் அரிது. அந்நிலையில் மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கொண்டு வானொலியையும் கசற் பெட்டியையும் இயக்கினர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, சூழ இருந்தோர் கேட்டனர். சுழற்றும் வேகம் தளர்ந்தால் மின்னழுத்தம் குறையும்; நாடாவை இழுக்கும் மோட்டர் மந்தமடையும்; பாடலின் சுருதியும் இறங்கும். சுழற்றுபவர் களைத்ததும் மற்றொருவர் பொறுப்பேற்றார். இங்ஙனம் கேட்டல் என்பதே உடலுழைப்பாகவும் கூட்டுச் செயலாகவும் ஆயிற்று. பலர் கூடி உழைத்துக் கேட்ட பாடல் பேசப்படாமற் போவது அரிது. பற்றாக்குறை, தன்னையறியாமலே, கூத்துக் களரியின் பழைய வழக்கமொன்றை ஓரளவு மீட்டுத் தந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பேரிடப்பெயர்வும், அதன்பின் 1996இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து பலர் வன்னியை அடைந்தமையும், யாழ்ப்பாணத்தின் இசைஞரையும் நாடகக் கலைஞரையும் இப்பிரதேசத்துக்குக் கொண்டுவந்தன. 1990 நவம்பர் 21 அன்று தொடங்கப்பெற்ற ‘புலிகளின் குரல்’ வானொலியும் வன்னிக்கு இடம்பெயர்ந்தது. அங்கு பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு நாடாக்களாக வெளிவந்தன. கோயில் திருவிழா மேடைகளிலும் நாடக மேடைகளிலும் பாடிப் பயின்று, பின்னர் இப்பாடல்களால் பெரிதும் அறியப்பெற்று, 2017 பெப்ரவரியில் காலமான எஸ். ஜி. சாந்தன், உள்ளூர் மேடையே பாடகரை உருவாக்கியமைக்கு ஓர் எடுத்துக்காட்டாவார். இப்பாடல்கள் உள்ளூர்க் கலைஞருக்குக் கருவியும் களமும் அளித்தன என்பது உண்மை. எனினும் ஆயுத இயக்கமொன்றின் தேவைக்காக ஆக்கப்பட்டு, அதன் கட்டுப்பாட்டின்கீழ் வெளிவந்த இசைக்கு வெளிப்படையான மாற்றுக்கருத்தைக் கூறுவதற்கு இடம் குறுகியிருந்தது என்பதும் வரலாற்றாசிரியன் மறைக்கக்கூடாத உண்மையாகும். மறுபுறம், அரசபடையின் சோதனைச் சாவடிகளில் அத்தகைய நாடாவொன்றை வைத்திருத்தலே ஆபத்தாயிற்று. இவ்வாறு மறுமொழி ஒருபக்கத்திலும் பிரதி மறுபக்கத்திலும் நெருக்கடிக்குள்ளாயின.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையும், அதே ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டமையும் இறுவட்டையும் கணினியையும் வன்னிக்குள் கொண்டுவந்தன. விடுமுறையில் வந்த புலம்பெயர்ந்தோர் பலர் ஊர்ப் பாடல்களைப் பிரதி செய்து எடுத்துச் சென்றனர். அக்காலத்தில் அது பெரிதாகக் கருதப்படவில்லை. 2006இற் போர் மீண்டும் முனைப்புற்றது. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் ‘புலிகளின் குரல்’ நிலையம் வான்தாக்குதலுக்குள்ளாகி ஊழியர் சிலர் உயிரிழந்தனர். யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் அத்தாக்குதலைக் கண்டித்தார். 2009 ஜனவரியில் கிளிநொச்சி அரசபடையினரிடம் வீழ்ந்ததைத் தொடர்ந்து மே மாதம் வரை மக்கள் முல்லைத்தீவுக் கரையோரமாக மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உயிரையே காக்கவியலாத அந்நிலையில் நாடாவை யார் காப்பர்? வன்னியின் வீட்டு ஒலிப்பதிவுகளுள் பெருந்தொகையானவை அப்பாதையிலே அழிந்தன. எவற்றின் பிரதி வேறோர் ஊரில் அல்லது வேறொரு நாட்டில் இருந்ததோ அவையே எஞ்சின. மூலத்தைக் காத்தது அதன் பிரதியே.

இணையத்தின் வரலாற்றை இந்த அனுபவத்தோடு இணைத்து நோக்குதல் வேண்டும். 1993இல் கலிபோர்னியாவின் சான்ரா குறூஸ் நகரில், கம்பனி ஒப்பந்தமில்லாத இசைக்குழுக்களின் ஒலிக்கோப்புகளை இணையத்திற் பகிர்வதற்கென ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் எம்பி3 வடிவம் பரவியபோது வீட்டிலே பதிந்த பாடலை உலகெங்கும் அனுப்புதல் எளிதாயிற்று. நாடாவைப் பெயர்க்குந்தோறும் இரைச்சல் கூடும். எண்முறைக் கோப்பின் நூறாவது பிரதியும் முதற்பிரதியை ஒத்தது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்து, இலண்டனில் வாழ்ந்த மாயா அருட்பிரகாசம், இரவலாகப் பெற்ற றோலண்ட் எம்சி-505 கருவியைக் கொண்டு தம் தொடக்கப் பாடல்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்று 2003இல் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. கேட்டோர் இணையத்தில் அதனைக் கைமாற்றியமையே பெரும் நிறுவனங்களின் கவனத்தை அவர்பால் ஈர்த்தது. 2005இல் அவரது முதல் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. நிறுவனத்துக்கு முன்னரே பிரதி செய்வோர் ஒரு கலைஞரை இனங்கண்டமைக்கு இது சான்று. 2007இல் நிறுவப்பெற்ற சவுண்ட்கிளவுட் மறுமொழியிலும் ஒரு புதுமையைச் செய்தது. பாடலின் எந்த விநாடியில் குறையோ நிறையோ தோன்றுகிறதோ, அந்த விநாடியிலேயே கேட்பவர் தம் கருத்தைப் பொறிக்கலாம். களரியிலே தாளம் பிசகிய கணத்தில் முதியவர் குறுக்கிட்ட செயலின் எண்முறை வடிவம் இதுவெனல் மிகையாகாது.

இன்று வன்னியின் இளைஞரிடம் கைத்தொலைபேசி உண்டு. முன்னர் கலையகமே தரக்கூடியதாயிருந்த வசதிகள் பல அதனுள் அடங்கியுள்ளன. சொல்லிசை, மெல்லிசை, கூத்துமெட்டின் புதுவடிவம் எனப் பல பரிசோதனைகளை அவர்கள் இணையத்தில் ஏற்றுகின்றனர். பிரதி செய்தல் என்னும் இடர் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயின் மறுமொழி அதேயளவு வளர்ந்துள்ளதா என்பது வினாவாகவே உள்ளது. விருப்பக் குறியின் எண்ணிக்கை பாடலின் பரவலைச் சொல்லும். இரண்டாஞ் சரணத்தில் சொல் தாளத்துக்கு அடங்காமல் நிற்பதை அது சொல்லாது. தனியே காதுக்குழாயிற் கேட்பவர்க்கு அதனை யாரிடமும் கூறவேண்டிய கடமையும் இல்லை. டைனமோவைச் சுழற்றிக் கேட்டவரிடமிருந்து இன்றைய கலைஞர் பெறக்கூடிய பாடம் இதுவே. கேட்பவர் சிறிதேனும் உழைத்தாலன்றிப் பாடியவர் வளர்வதில்லை.

பேணல் துறையிலும் நிறைவு கொள்வதற்கில்லை. இணைய நிறுவனமொன்று மூடப்படின் அதிலேற்றிய பாடல்களும் மறையும். அவ்வாறு மறைந்த சேகரிப்புகள் ஏற்கெனவே உள. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்முறைக் காப்பகம் ஈழத்து அச்சு ஆவணங்களைப் பேணிவருவதோடு ஒலி ஆவணங்களிலும் கவனம் செலுத்துகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் எரிப்பைக் கண்ட சமூகம், பிரதியின் அருமையை ஏட்டளவில் உணர்ந்துள்ளது. ஒலியளவில் அவ்வுணர்வு இன்னும் போதாது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் அலுமாரிகளிற் கிடக்கும் நாடாக்கள் வெப்பத்தாலும் பூஞ்சணத்தாலும் சிதைந்து வருகின்றன. அவற்றை இயக்கும் பெட்டிகளும் அருகுகின்றன.

வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. அவற்றின் மாணவர் தத்தம் உறவினர் வீடுகளில் எஞ்சிய நாடாக்களைத் தேடிப் பிரதி செய்து, பாடியவர், ஊர், காலம், சூழல் ஆகியவற்றைக் குறித்து வைப்பின் ஒரு காலப்பகுதியின் குரல் மீளும். கருவி அறிவுடைய பொறியியல் மாணவரும் வழக்கறிவுடைய தமிழ் மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி அது. அங்ஙனம் மீட்டவற்றை இன்று பாடுவோர் கூடியிருந்து கேட்டு, குறைநிறை பேசி, தம் ஆக்கங்களையும் அதே அவையில் முன்வைப்பாராயின், முற்றத்தில் தொடங்கிய மரபு அறுபடாது தொடரும்.