ஐவகைச் சோதனமும் அதன் அடிப்படையும்

நோயைத் தணித்தல் ஒன்று. நோயை விளைத்த குற்றத்தை உடலினின்றும் அகற்றுதல் மற்றொன்று. முன்னையதைச் சமனம் என்றும், பின்னையதைச் சோதனம் என்றும் ஆயுள்வேத நூலார் வழங்குவர். சமனத்தால் அடங்கிய குற்றம் ஒருகால் மீண்டும் கிளரும். சோதனத்தால் நீங்கியது மீளாது என்பது சரகசங்கிதையின் துணிபு. இக்கொள்கையின் உட்பொருளையும் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பின் உடலைத் தாங்கும்; மிகினும் குறையினும் நோய் செய்யும். இக்கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் இதனைக் கொண்டே தொடங்குகின்றது. மிக்க குற்றத்தை அதற்கு அண்மையிலுள்ள வாயிலால் வெளிப்படுத்தல் வேண்டும். ஆதலின் கபத்துக்கு வமனமும், பித்தத்துக்கு விரேசனமும், வாதத்துக்கு வத்தியும், தலையிற் தங்கிய குற்றத்துக்கு நசியமும் விதிக்கப்பட்டன. கசாய வத்தி, எண்ணெய் வத்தி என வத்தியை இரண்டாக்கி ஐந்தென எண்ணுவர் சரகர் வழியினர். வத்தியை ஒன்றாகக் கொண்டு, குருதி வாங்கலைக் கூட்டி ஐந்தாக்குவர் வாக்படர். பருவமும் வரையறுக்கப்பட்டது: வசந்தத்தில் வமனம், மழைக்காலத்தில் வத்தி, சரற்காலத்தில் விரேசனம்.

எனினும், இச்சிகிச்சையின் உயிர்நிலை வெளியேற்றலில் மட்டும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்வனவற்றிலேயே உள்ளது. முதலில் நெய் முதலியவற்றால் உடலை நெகிழ்விப்பர். பின்னர் வேது பிடித்து வியர்ப்பிப்பர். உலர்ந்த கோலும் நெய்ப்பாலும் வெம்மையாலும் வளையும். நெய்ப்பற்றுள்ள கலத்தினின்றும் நீர் எளிதின் நீங்கும். இவ்வுவமைகளாற் சரகர் நூல் அதன் காரணத்தை விளக்குகின்றது. சோதனம் முடிந்தபின் கஞ்சியிற் தொடங்கிப் படிப்படியாக வழக்கமான உணவுக்கு மீளல் வேண்டும். ஓய்ந்த சடராக்கினியைச் சிறுதீயை வளர்ப்பதுபோல வளர்த்தலே இதன் நோக்கம்.

இம்முறையின் தொன்மைக்குப் பௌத்த நூலொன்று சான்று பகரும். புத்தபிரானுக்குச் சீவகன் மருத்துவஞ் செய்த வரலாறு விநயபிடகத்து மகாவக்கத்திற் காணப்படுகின்றது. சீவகன் முதலில் அவருடலைச் சில நாள் எண்ணெயால் நெகிழ்விக்கச் செய்தான். பின்னர் மருந்தூட்டிய தாமரைமலர்களை மூன்று முறை முகரக் கொடுத்தான். ஒவ்வொன்றும் பத்துப் பேதியாக முப்பது பேதி நிகழ்ந்தன. உடல் தேறும்வரை உணவிலும் கட்டுப்பாடு இருந்தது. சரகசங்கிதை தலையாய விரேசனத்துக்கு விதிக்கும் அளவும் முப்பதேயாம். முன்செயல், செயல், பின்செயல் என்னும் மூன்றும் ஒருங்கு காணப்படுதலின், இரு நூல்களும் ஒரே மருத்துவ மரபைச் சார்ந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஈழத்திலும் இதன் சுவடுகள் உள. மிகிந்தலையில் கி. பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மருத்துவசாலையின் இடிபாடுகளிடையே, மனிதவுடல் கிடத்தற்கேற்பக் குடைந்த கல்தொட்டி இன்றும் காணப்படுகின்றது. நோயாளரை மருந்தெண்ணெயிலோ கசாயத்திலோ அமிழ்த்தற்கு இது பயன்பட்டதென ஆய்வாளர் கருதுவர். சரகர் கூறும் பதின்மூன்று வேதுகளுள் மருந்துநீரில் அமிழ்தலும் ஒன்றாதல் இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்ச் சித்தமருத்துவ மரபிலோ, தேரையர் ஆறு திங்களுக்கு ஒருமுறை வமனமும், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதியும், ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியமும் கொள்க என வகுத்து, இவற்றை நோயணுகா நெறியாகவே ஆக்கினார்.

முக்குற்றக் கொள்கையை இன்றைய உடலியல் அவ்வண்ணமே ஏற்பதில்லை. சோதனம் நோயனைத்தையும் வேரறுக்கும் என்பாரும் அதற்குத் தக்க சான்று காட்டக் கடமைப்பட்டவர். ஆயினும், இன்று நேர்ந்துள்ள இழிவு வேறு. உல்லாச விடுதிகளில் எண்ணெய்த் தேய்ப்பும் நீராவிக் குளியலுமே பஞ்சகருமம் எனப் பெயர்பெற்று விலைபோகின்றன, முன்செயலே முழுச்செயலாயிற்று. வீடுகளிலோ, வலிமை ஆராயாது பேதிமருந்து உண்பாரும் உளர். பழைய நூல்களோ முதியோர், சிறார், கருவுற்றார், மெலிந்தோர் ஆகியோர்க்கு ஆகாதன இவை இவை எனப் பலபடப் பிரித்து விலக்கின. நாம் அம்மரபினின்றும் முதற்கண் கற்கவேண்டுவது மருந்தன்று. நோயாளனை அறிந்து, காலம் பார்த்து, அளவிற்கு உட்பட்டு நிற்கும் அவ்வொழுங்கேயாம்.