நழுவிய தட்டும் நரம்பின் சினமும்

'டிஸ்க் நழுவிவிட்டது' என்று யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் தட்டு நழுவுவதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டின் ஓரம் நார்வளையத்தால் ஆனது. நடுவில் கூழ் இருக்கிறது. வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரைத் தொடுகிறது. வலி பிட்டத்திலிருந்து பாதம் வரை இறங்குகிறது.

இதைத் தெளிவாக நிறுவியவர்கள் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர், ஆண்டு 1934. அதற்கு முன் இத்தகைய துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பலரும் எண்ணினர். நரம்பு அழுத்தப்படுகிறது, அதனால் வலிக்கிறது, அழுத்தும் துண்டை எடுத்துவிட்டால் போதும்! என்னைப் போன்ற பௌதிக ஆசிரியனுக்கு இவ்விளக்கம் மிகவும் பிடிக்கும். விசையைப் பரப்பால் வகுத்தால் கணக்கு முடிந்தது.

ஆனால் சற்று யோசியுங்கள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துத்தானே போகிறது? நரம்பை அழுத்தினால் மரப்புதான் வரவேண்டும்; கடும் வலி எங்கிருந்து வருகிறது?

1958-இல் ஸ்மித், ரைட் என்ற இருவர் துணிச்சலான ஒரு சோதனை செய்தனர். அறுவையின்போது நரம்பு வேரைச் சுற்றி நைலான் நூலைக் கட்டி, நுனியை உடலுக்கு வெளியே விட்டு வைத்தனர். பிறகு, நோயுற்ற வேரின் நூலை லேசாக இழுத்ததுமே பழைய கால்வலி திரும்பியது. 1991-இல் குஸ்லிச் குழுவினர், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருந்த 193 நோயாளிகளிடம் இதையே வேறு விதமாகக் கண்டனர்: நலமான வேரைத் தொட்டால் கால்வலி இல்லை, வீங்கிய வேரைத் தொட்டால் உண்டு. 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைக் காந்த அதிர்வுப் படம் எடுத்தபோது, 27 சதவீதத்தினருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது! உங்கள் படத்தைப் பார்த்து யாரேனும் அச்சுறுத்தினால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் குற்றவாளி யார்? 1993-இல் ஸ்வீடனில் ஓல்மார்க்கர் குழுவினர் பன்றியின் தட்டிலிருந்து கூழை எடுத்து, அதே பன்றியின் நரம்பு வேர்மீது வெறுமனே வைத்தனர். துளியும் அழுத்தவில்லை. இருந்தும் சில நாட்களில் நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகம் குறைந்தது. கொழுப்பை வைத்தபோது அவ்வாறு நேரவில்லை. ஆக, கூழே நரம்பைச் சீண்டுகிறது. வளர்ந்தவரின் தட்டு நடுவில் இரத்தக் குழாய் கிடையாது. எனவே வெளியே வந்த கூழை உடலின் காவற்படை அந்நியனாகவே நடத்துகிறது என்று கருதுகிறார்கள். அதன் விளைவே அழற்சி. 1998-இல் அதே ஆய்வாளர்கள், இதில் பங்குகொள்ளும் ஒரு பொருளாகக் 'கட்டி நசிவுக் காரணி'யைச் சுட்டினர்.

உடனே அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் முதலில் நம்பிக்கை தந்த அம்மருந்து, 40 பேரிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டபோது மேலானதாகத் தெரியவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. பிதுங்கிய துண்டு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறைகிறது. அதைத் தின்று தீர்ப்பவை, அழற்சியோடு வந்து சேரும் பெருவிழுங்கு செல்களே. ஆகவே கால் பலவீனமோ சிறுநீர்த் தடையோ இல்லாதவருக்கு மருத்துவர் அறுவையை அவசரப்படுத்தாமல் சில வாரம் காத்திருக்கச் சொல்கிறார்.