சுவரில் சாய்ந்த கோல்

செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுவிடலாம் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். அன்றுமுதல் அந்த விதியைப் பித்தாகரஸின் பெயரோடு சேர்த்தே நினைத்துப் பழகியிருக்கிறோம். அவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்க அறிஞர். ஆனால் அவர் பிறப்பதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இன்று ஈராக் என வழங்கும் நிலப்பகுதியில், இதே கணக்கை ஈரக் களிமண்ணில் எழுதிக் கற்றவர்கள் வாழ்ந்தார்கள்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 85196 என்னும் எண்ணிடப்பெற்ற களிமண் பலகை ஒன்று உள்ளது. அது பழைய பாபிலோனியக் காலத்தது, கி.மு. 2000க்கும் 1600க்கும் இடைப்பட்டது. அதில் காணும் கணக்குகளுள் ஒன்று இது: சுவரை ஒட்டி ஒரு கோல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் நீளம் 30. அதன் மேல்நுனி 6 அளவு கீழே சரிந்தால், அடிநுனி சுவரைவிட்டு எவ்வளவு விலகும்?

பாபிலோனியர் அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்களை எழுதினர். நம் எண்களில் அவர்களது வழி இதுதான்: சரிந்தபின் உயரம் 24. கோலின் வர்க்கம் 900. உயரத்தின் வர்க்கம் 576. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 324. அதன் வர்க்கமூலம் 18. அதுவே விடை. பலகை அத்துடன் நிற்கவில்லை. அடிநுனி 18 விலகினால் மேல்நுனி எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்கைத் திருப்பிப் போட்டு, மீண்டும் 6க்கே வந்து சேர்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள மற்றொரு பலகை உள்ளங்கையில் அடங்கும். அதில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் அது தரும் விகிதம் ஐந்து தசம இடங்கள் வரை சரியானது. அது ஒரு மாணவன் எழுதிய பயிற்சி என்பது ஆய்வாளர் கருத்து.

இதனால் கிரேக்கரின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. கோல் கணக்கு எப்படிச் செய்வது என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று விளக்கவில்லை. எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய நூல், ஏறத்தாழ கி.மு. 300இல் யூக்ளிட் இயற்றியது. அந்நூலின் முதற்பகுதியில் 47ஆம் தேற்றமாக அது இடம்பெற்றுள்ளது. பித்தாகரஸ் எழுதியதாக எந்நூலும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது.

பெயர் பெற்றவரிடமிருந்து எதையும் பறிக்க வேண்டியதில்லை. பெயரை விட்டுச்செல்லாதவருக்கும் உரிய பங்கைத் தந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைச் சொல்லித்தரும்போது, களிமண்ணில் கோடிழுத்த அந்த முகமறியா மாணவனையும் ஒருகணம் நினைவுகூர்வோம்; அதுவே நியாயம்.