வெள்ளம் தாங்கும் நெல்

நாற்று நட்ட சில வாரங்களில் வெள்ளம் புகுந்து, பயிர் நுனி தெரியாமல் மூழ்கிவிட்டால், சாதாரண நெல் ஒரு வாரம் தாங்குவதே அரிது. பத்து நாள், பதினைந்து நாள் நீருக்கடியில் கிடந்தும் உயிரை விடாமல், தண்ணீர் வடிந்ததும் புதுக்குருத்து விடும் ரகங்களே வெள்ளம் தாங்கும் நெல் எனப்படுகின்றன. சுவர்ணா சப் 1, சாம்பா மசூரி சப் 1, ஐ.ஆர். 64 சப் 1, தமிழ்நாட்டு உழவர்கள் அறிந்த சி.ஆர். 1009 சப் 1 ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாறிவரும் பருவநிலைக்காகப் பயிர் ரகங்களை உருவாக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடந்தாலும், ஆய்வுக்கூடத்தை விட்டு ஏழை விவசாயியின் வயல்வரை போய்ச் சேர்ந்தவை குறைவு. அப்படிச் சேர்ந்தவற்றில் முன்வரிசையில் நிற்பது இந்த நெல்.

ஆசியாவில் மழையை நம்பிய தாழ்நில நெல் வயல்களில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல் மூழ்கும் அபாயத்தில் உள்ளவை. இந்தியாவும் வங்கதேசமும் மட்டும் வெள்ளத்தால் ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் டன் நெல்லை இழப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மூன்று கோடிப் பேர் ஓராண்டு உண்ணும் அளவு அது. அந்த வயல்களில் பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது என்பதால், ஒரு வெள்ளம் என்பது ஒரு போக நட்டத்தோடு நிற்பதில்லை. விதைநெல் போகும், வாங்கிய கடன் நிற்கும், அடுத்த ஆண்டு உரம் வாங்கத் துணிச்சல் வராது.

நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தான். ஆனால் முழுக்க மூழ்கினால் அதற்கும் மூச்சு முட்டும். காற்றில் பரவுவதைவிட வாயுக்கள் நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. பயிருக்குள் உண்டாகும் எத்திலீன் வெளியேற முடியாமல் திசுக்களிலேயே தேங்குகிறது. அது தூண்டிவிட, ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி வேலை செய்து, தண்டையும் இலையையும் மளமளவென்று நீட்டுகிறது. மேற்பரப்பை எட்டிப் பிடித்துக் காற்று வாங்குவதற்கான கடைசி முயற்சி அது. கலங்கல் நீரில் வெளிச்சம் குறைவு, எனவே புதிதாக உணவு தயாரிக்க வழியில்லை. சேமித்த மாவுச்சத்து முழுவதையும் வளர்ச்சியிலேயே செலவழித்த பயிர், நீர் வடியும்போது வெளிறி, நெடிதாகி, சேற்றில் துவண்டு விழுகிறது.

மூழ்கலைத் தாங்கும் ரகம் நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது வளர்வதை நிறுத்திவிடும். இருக்கிற மாவுச்சத்தைக் கட்டுச்செட்டாக வைத்துக்கொண்டு, நீர் வடியும்வரை காத்திருக்கும்.

இந்தக் குணத்தை எந்த விஞ்ஞானியும் படைக்கவில்லை. கிழக்கு இந்தியாவின் ஆற்றுப் படுகைகளில் பல தலைமுறை உழவர்கள், வெள்ளம் வடிந்த வயலில் எஞ்சி நின்ற பயிரிலிருந்து விதை எடுத்து எடுத்து வளர்த்தது அது. ஒடிசாவின் தலபுட்டியா என்ற நாட்டு ரகத்திலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தனிவரிசைத் தேர்வு முறையில் பிரித்தெடுக்கப்பட்டது எஃப்.ஆர். 13ஏ. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் நகரில் 1960இல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1970களில் தன் விதை வங்கி ரகங்களைத் தண்ணீர்த் தொட்டிகளில் மூழ்கடித்துச் சோதிக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரகங்களில் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றில் முதலிடம் எஃப்.ஆர். 13ஏவுக்கு. இலங்கையிலிருந்து போன குர்க்கருப்பன், கொட ஹீனட்டி, தவளு ஆகிய நாட்டு ரகங்களும் தேறிய பட்டியலில் இருந்தன.

கண்டுபிடித்தது ஒரு பக்கம், பயன்படுத்துவது வேறு பக்கம். எஃப்.ஆர். 13ஏ உயரமாக வளர்ந்து சாயும், மகசூலும் குறைவு. அதை உயர் விளைச்சல் ரகங்களோடு கலந்து 1980களில் சில நல்ல கலப்பினங்கள் பிறந்தன. வெள்ளத்தைத் தாங்கின, விளைந்தன. ஆனாலும் விவசாயிகள் அவற்றைத் தொடவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு ரகத்தைப் பயிரிடுபவர் அதன் வயது, வைக்கோல், அரவையில் கிடைக்கும் அரிசி, சோற்றின் பதம், வியாபாரி கொடுக்கும் விலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். என்றோ ஒருநாள் வரப்போகும் வெள்ளத்துக்காக இத்தனையையும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். வெள்ளம் தாங்கும் நெல்லின் வரலாற்றில் கிடைத்த மிகப் பெரிய பாடம் ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததல்ல. விவசாயிகள் ஏற்க மறுத்ததில் கிடைத்தது.

அவர்கள் விரும்பும் ரகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தாங்கும் குணத்தை மட்டும் அதற்குள் கொண்டுவர முடியுமா? அதற்கு, குணம் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நெல் இனவிருத்தியாளர் டேவிட் மெக்கில், கெனாங் ஷூவோடு சேர்ந்து, எஃப்.ஆர். 13ஏவின் தாங்குதிறனில் பெரும்பங்கு ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு சிறு பகுதியில் அடங்கியிருப்பதை 1996இல் காட்டினார். அதற்கு சப் 1 என்று பெயர். பொதுவாக இத்தகைய குணங்கள் பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் இவ்வளவு பலம் குவிந்திருந்தது அரிய நல்வாய்ப்பு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பமீலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் மெக்கிலும் இணைந்த குழு, 2006இல் நேச்சர் இதழில் அந்தப் பகுதிக்குள் இருக்கும் சப் 1ஏ என்ற மரபணுவை அடையாளம் காட்டியது. எத்திலீன் தேங்கும்போது விழித்துக்கொண்டு, ஜிப்ரலினின் வேகத்துக்குக் கடிவாளம் போடுவதுதான் அதன் வேலை. மூன்று ஆண்டுகள் கழித்து ஜப்பானிய ஆய்வாளர்கள், பல மீட்டர் ஆழ நீரிலும் உயர்ந்து வளரும் ஆழ்நீர் நெல்லில் ஸ்நார்கெல் என்ற மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். அவையும் எத்திலீனுக்குச் செவிசாய்ப்பவையே; ஆனால் பயிரை நீளச் சொல்பவை. வாரக்கணக்கில் வந்து போகும் வெள்ளத்துக்கு ஓர் உத்தி, மாதக்கணக்கில் தேங்கும் வெள்ளத்துக்கு வேறு உத்தி என்று நெல் இனம் இரண்டையுமே கற்று வைத்திருக்கிறது.

மரபணுவின் முகவரி தெரிந்ததும் வேலை விரைந்தது. தேர்ந்தெடுத்த ரகம் சுவர்ணா. ஆந்திரத்தின் மார்டேறு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எம்.டி.யூ. 7029 என்ற இந்த நெல், ஒடிசா, மேற்கு வங்கம், பிகார், வங்கதேசம் வரை பல லட்சம் ஹெக்டேரில் பரவியிருந்தது; வெள்ளத்தில் எளிதில் மடிவது அதன் பெருங்குறை. சப் 1 கொண்ட பயிரோடு சுவர்ணாவைக் கலந்து, பிறந்த சந்ததியைத் திரும்பத் திரும்பச் சுவர்ணாவோடே கலப்பது பின்கலப்பு முறை. முன்பெல்லாம் ஏழெட்டுத் தலைமுறை எடுக்கும் இந்த வேலையை, நாற்றுப் பருவத்திலேயே இலையின் டி.என்.ஏ.வைச் சோதித்துத் தேவையான செடியை மட்டும் எடுத்துக்கொள்வதன் மூலம், ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்ககத்தைச் சேர்ந்த சி.என். நீரஜாவும் சர்வதேச நிறுவனத்துச் சக ஆய்வாளர்களும் இரண்டு மூன்று பின்கலப்பிலேயே முடித்தார்கள். முடிவுகள் 2007இல் வெளிவந்தன. இது மரபணு மாற்றப் பயிர் அன்று. நெல்லோடு நெல்லைக் கலந்து பெற்றதுதான். அதனால் உயிரித் தொழில்நுட்ப அனுமதிகளுக்காகக் காத்திருக்க நேரவில்லை.

சுவர்ணாவுக்கும் சுவர்ணா சப் 1க்கும் கண்ணால் காணக்கூடிய ஒரே வித்தியாசம் உமி. சுவர்ணாவின் உமி பொன்னிறம்; புதியதன் உமி வைக்கோல் நிறம். உமியின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு சப் 1க்குப் பக்கத்திலேயே குடியிருப்பதால் அதுவும் கூடவே வந்துவிட்டது. அரிசியிலும் சமையலிலும் மாற்றமில்லை.

செயல்விளக்க வயல்களில் வெள்ளம் வடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் சப் 1 மேல் யாருக்கும் நம்பிக்கை வராது. சுவர்ணா, சுவர்ணா சப் 1 என இரண்டு பாத்தியிலும் சேறு அப்பிய பழுப்பு இலைகள்தான் கிடக்கும். வித்தியாசம் தூரில் இருக்கிறது. சாதாரண சுவர்ணாவின் தூரை விரலால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கும். சப் 1இன் தூர் கட்டியாக, உள்ளே பச்சை மாறாமல் இருக்கும். நாட்கள் சில போனபின் நடுவிலிருந்து குருத்து எழும். பிறகு புதுத் தூர்கள் வெடித்து வயலை நிரப்பும். வயலை உழுது மறுநடவு செய்ய அவசரப்பட்டவர்கள் இதைக் காணாமலே போயிருக்கிறார்கள். எனவே விதையோடு, பொறுத்திருங்கள் என்ற அறிவுரையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தியா 2009இல் சுவர்ணா சப் 1ஐ வெளியிட்டது. பிலிப்பைன்ஸ் ஐ.ஆர். 64 சப் 1ஐ சப்மரீனோ என்ற பெயரில் தந்தது. வங்கதேசத்தில் 2010இல் பிரி தான் 51, பிரி தான் 52 என்று இரு ரகங்கள் வந்தன. இந்தியாவின் தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கம் கிழக்கு மாநிலங்களில் சிறு விதைப்பைகளை விநியோகித்தது. தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் ஒரு பை விதை வாங்கியவர் மறு ஆண்டு அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்க முடிந்தது.

பலன் எவ்வளவு என்பதைக் கேள்விப்பட்டதை வைத்து அல்லாமல் அளந்தே பார்த்தார்கள். மன்சூர் தார், அலன் டி ஜான்வ்ரி, கைல் எமெரிக், எலிசபெத் சடூலே உள்ளிட்ட குழுவினர் ஒடிசாவின் பத்ரக், பாலசோர் பகுதியில் 128 கிராமங்களில் சோதனை நடத்தினர். பத்து நாள் மூழ்கிய வயலில் சுவர்ணா சப் 1, சுவர்ணாவைவிட 45 விழுக்காடு அதிகம் விளைந்தது. வெள்ளம் வராத வயலில் மகசூல் குறையவில்லை. 2013இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி முக்கியமானது. மூழ்கும் பள்ளமான நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினரிடம் இருந்தன; ஆகவே அதிக நன்மையும் அவர்களுக்கே போயிற்று. காலங்காலமாக மேட்டு நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு முதலில் கைகொடுத்த வேளாண் தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. தொடர்ந்து 2016இல் வந்த ஆய்வு, பயம் குறைந்த உழவர்கள் கூடுதல் நிலத்தில் பயிரிட்டதையும், உரம் கூட்டியதையும், தெளிப்பை விட்டு நடவுக்கு மாறியதையும் பதிவுசெய்தது.

காவிரிப் படுகையில் இந்த வரலாறு தனிப் பாதையில் வந்து சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில்தான் சம்பாவும் தாளடியும் இளம்பயிராக நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களை ஏரியாக்கியது போன்ற நிகழ்வுகள் அங்கு புதிதல்ல. படுகையில் நீண்டகாலம் விரும்பப்பட்ட குண்டு ரகம் சி.ஆர். 1009. ஒடிசாவின் கட்டக் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான இது சாவித்திரி என்றும், தமிழ்நாட்டில் பொன்மணி என்றும் அறியப்படுகிறது. 155 நாளுக்கும் மேல் வயதுள்ள சம்பா ரகம். இட்லி அரிசிக்குப் பேர்போனது. இதற்குள்ளும் சப் 1 சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப் 1 என்று தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தது. இங்கும் வழி அதுவே: பழகிய நெல், கூடவே ஒரு காப்பு.

படுகைக்கு இந்தக் குணம் முற்றிலும் அயலானதுமல்ல. மடுமுழுங்கி, காட்டுயானம் போன்ற பாரம்பரிய ரகங்களை வெள்ளம் தேங்கும் வயலுக்கென்றே உழவர்கள் வைத்திருந்தார்கள். நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை 170க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களை மீட்டுப் பரப்பியது இந்தச் செல்வம் அழியாமலிருக்கத்தான். நாட்டு ரகமா, ஆராய்ச்சி ரகமா என்று எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறவர்கள் சப் 1இன் கதையைக் கவனிக்க வேண்டும். தலபுட்டியா அழிந்திருந்தால் சுவர்ணா சப் 1 பிறந்திருக்காது.

இந்த நெல்லால் முடியாதவையும் உண்டு. இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதுவும் மடியும். அரையாள் ஆழத்தில் மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும் வயலில், வளராமல் காத்திருக்கும் குணமே அதற்குப் பகையாகிறது. நேரடி விதைப்பு செய்த வயலில் முளைக்கும் முன்பே மழை கொட்டினால் சப் 1 உதவாது. அதற்கென மியான்மரின் காவோ ஹ்லான் ஆன் ரகத்திலிருந்து வேறொரு மரபணுவை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். ஒரே பருவத்தில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் இடங்களுக்காக, இரண்டையும் தாங்கும் சி.ஆர். தான் 801, 802 ஆகிய ரகங்களைக் கட்டக் நிறுவனம் கொடுத்துள்ளது. கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து உவர் தாங்கும் குணமும் இதே வழியில் பிற ரகங்களுக்குப் போகிறது.

ரகம் இருந்தும் விதை கிடைக்காத நிலைதான் இன்று மாற்றப்பட வேண்டியது. நீண்டகால ரகமான சி.ஆர். 1009 சப் 1ஐ ஆகஸ்டில் நாற்றங்கால் விட்டாக வேண்டும். எந்தெந்தக் கிராமத்து வயல்கள் ஆண்டுதோறும் மூழ்குகின்றன என்பது வேளாண் துறைக்கும் தெரியும், ஊராருக்கும் தெரியும். அந்தக் கிராமங்களின் விரிவாக்க மையங்களில் ஆடி பிறக்கும்போதே சான்று பெற்ற விதை இருப்பில் இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும்.