பொன்னிற மருந்து

சென்னை மருத்துவக் கல்லூரியில், அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து வந்தார் ஒரு மாணவர். பீமவரத்துக்காரர், பெயர் எல்லாப்பிரகட சுப்பா ராவ். அந்நியத் துணியை விலக்கும்படி காந்திஜி சொல்லியிருந்த காலம். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையில் தேறியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அந்த மனிதர் பிற்காலத்தில் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்துதான் கர்ப்பிணிக்கு ஆகாத மருந்து ஒன்றும், கர்ப்பிணிக்கு அவசியமான மருந்து ஒன்றும் வெளிவந்தன. நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால் வாசகர்கள் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பல ஆண்டுகள் உழைத்தபின், 1940-ல் லெடர்லி கம்பெனியில் சேர்ந்தார் சுப்பா ராவ். அங்கே அவருடைய குழுவில் பெஞ்சமின் டக்கர் என்றொரு தாவர சாஸ்திரி இருந்தார். சர்வகலாசாலை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, எழுபதைத் தாண்டிய கிழவர். பல ஊர்களின் மண்ணையும் வரவழைத்துச் சோதிப்பது அவர் வேலை. மிஸௌரி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிர் பொன்னிறமான ஒரு பொருளைச் சுரந்தது. நிறத்தை வைத்தே ஆரியோமைசின் என்று பெயரிட்டு, 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது.

பெனிசிலினுக்கு மசியாத நோய்களையும் அடக்கியது. கர்ப்பிணிகளுக்கும் தயங்காமல் கொடுத்தார்கள். தாய்க்கு நல்லது சேய்க்கும் நல்லதுதானே என்ற எண்ணம். ஆனால் இந்த மருந்து சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஐந்தாம் மாதத்துக்குமேல், வயிற்றுக்குள் பல் உருவாகும் இடத்தில் போய்த் தங்கிவிடும். குழந்தை பிறந்து, பல் முளைத்துச் சிரிக்கும்போதுதான் மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரியும். அதற்குள் மருந்துச் சீட்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இதைவிடக் கொடியதும் நடந்தது. சிறுநீரகத் தொற்றுக்காக அதிக அளவில் இரத்தக் குழாய் வழியே இம்மருந்தைப் பெற்ற கர்ப்பிணிகள் சிலர் ஈரல் கெட்டு இறந்தார்கள். 1963-ல் மருத்துவப் பத்திரிகையில் அச்செய்தி வந்தது.

அதற்காகக் கிருமிக் கொல்லிகள் எல்லாவற்றையும் கண்டு மிரளுவதும் பேதைமை. பெனிசிலின் இன்றும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. தாயின் மேக நோய் சேயைத் தாக்காமல் காப்பது அதுவே. காச நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினோ, சிசுவின் காதைக் கெடுக்கக்கூடியது. ஒன்றைப் போல் ஒன்றில்லை. சிறுநீர்த் தொற்றை மருந்தில்லாமல் விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறும். குறைப் பிரசவமும் நேரலாம்.

இனி இன்னொரு மருந்து. 1928 முதல் பம்பாயில், இரத்தம் வற்றி வெளுத்துப்போன ஆலைத் தொழிலாளிக் கர்ப்பிணிகளைக் கவனித்தார் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. ஈஸ்ட் சாரம் கொடுத்தார், இரத்தம் ஊறிற்று. அதிலிருந்த சத்து எது என்று தெரியாமலே பல ஆண்டுகள் போயின. அதுதான் ஃபோலிக் அமிலம். அதை 1945-ல் செயற்கையாகச் செய்து காட்டியது சுப்பா ராவின் குழு. அவருடைய அண்ணன் தம்பி இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோன ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கும் அது மருந்தாயிற்று.

1948 ஆகஸ்டில் சுப்பா ராவ் காலமானார். வயது 53. பல்லில் விழுந்த கறையையும் அவர் பார்க்கவில்லை. சிசுவின் முதுகுத்தண்டுக் குறையை ஃபோலிக் அமிலம் தடுக்கிறது என்று 1991-ல் பிரிட்டனில் நிரூபித்ததையும் பார்க்கவில்லை. இன்று கடலூர் ஜில்லா அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், சர்க்கார் நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது.