பழந்தீவும் பன்னீராயிரமும்: சோழர் மெய்க்கீர்த்தியில் மாலைத்தீவுகள்

முதலாம் இராசராசனின் (கி.பி. 985–1014) ஆட்சிப் பிற்பகுதிக் கல்வெட்டுகளில் இடம்பெறும் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற நாடுகளின் வரிசையில் கடல் நடுவே அமைந்த பழந்தீவுகளையும் சேர்த்து, அவற்றின் தொகையைப் பன்னீராயிரம் என்கிறது. இவை மாலைத்தீவுகளே என்பது நீலகண்ட சாஸ்திரி முதலிய வரலாற்றாசிரியர்கள் கொண்ட முடிவு. இடர் தருவது எண்தான். இன்று அங்குள்ள தீவுகள் ஏறத்தாழ 1,200. மக்கள் வாழ்பவை இருநூற்றுக்கும் குறைவு. பத்து மடங்கு மிகையைப் புலவரின் புனைவென ஒதுக்குவது எளிது. பொருந்துமா என்பது வேறு.

அதே மெய்க்கீர்த்தி இரட்டபாடியை ஏழரை இலக்கம் என்கிறது. கங்கபாடி 96,000, நுளம்பபாடி 32,000, வனவாசி 12,000 என நாட்டுப் பெயரோடு எண்ணை ஒட்டுவது கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் பெருவழக்கு. அவ்வெண்கள் ஊர்த்தொகையா, வருவாயா என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. பழந்தீவின் எண்ணும் இவ்வழக்கால் வந்தது எனலாம். ஆயினும், 1602இல் கப்பல் உடைந்து மாலைத்தீவில் ஒதுங்கி ஐந்தாண்டுகள் தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரார் தரும் செய்தி வேறு திசையைக் காட்டுகிறது. அந்நாட்டு மன்னர் பதின்மூன்று மாகாணங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் சுல்தான் எனப் பட்டம் பூண்டிருந்தார். ஆறு நூற்றாண்டுகள் கழித்தும் அதே எண். அது தீவினரின் மரபுத்தொகை என்றும், சோழர் அவை அதைக் கேட்டறிந்து பொறித்தது என்றும் கொள்வதே தகும்.

நிலவியலும் இதற்கு இடந்தருகிறது. திருவரங்கமும் தீவுதான், ஆனால் காவிரியும் கொள்ளிடமும் வரையறுத்த ஆற்றிடைக்குறை, எண்ணுவோர்க்குக் குழப்பமில்லை. பவளத்தீவு அத்தகையதன்று. அமிழும் எரிமலையைச் சுற்றி மேல்நோக்கி வளரும் பவளப்பாறையே வளையமாக எஞ்சுகிறது என டார்வின் 1842இல் விளக்கினார். ‘அட்டோல்’ என்ற உலகப்பொதுச் சொல்லே மாலைத்தீவின் திவேகி மொழி தந்தது. வளையத்தின் விளிம்பில் பவளச் சிதைவும் மணலும் திரண்டு தீவாகின்றன. வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இத்தொடரில் நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் மட்டுமே. சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். பருவக்காற்று திரும்பும்போது மணலும் கரை மாறுகிறது. திட்டுகள் தோன்றி மறைகின்றன. எவற்றைத் தீவென்பது? பெரும்பாலானவை ஆளில்லா மணல்மேடுகள் என்றும், நீரோட்டத்தால் எண்ணிக்கை குறைந்துவருவதாகத் தீவினர் கூறினர் என்றும் பிராரே எழுதியுள்ளார்.

சோழர் நாடியது நிலமாக இருக்க இயலாது. சோழியும் கயிறும் அத்தீவுகளின் நெடுங்கால ஏற்றுமதிப் பொருள்கள். மேலைக்கடல் வணிகவழியும் அவற்றினூடே சென்றது. 1340களில் மதுரைச் சுல்தானின் அவைக்கு வந்த இப்னு பதூதாவும் மாலைத்தீவின்மீது படையனுப்பச் சுல்தானோடு திட்டமிட்டார். மூன்று மாதங்களுக்கு அங்குக் கலம் செலுத்த இயலாது எனக் கடற்படைத் தலைவர் கூறிவிட்டார். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் பரவியது, சுல்தானும் இறந்தார்.